நாபோத்தின் தோட்டமும் நைனியப்பப் பிள்ளையின் சொத்தும்



சென்ற வாரம் நம் ஊர் வீதிப் பெயர்களைப் பற்றி எழுதியதற்கு இத்தனை பேர் பதில் போடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதில் மூன்று பேர், நைனியப்பப் பிள்ளை வீதி யார் பெயரில் இருக்கிறது, அவர் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தீர்கள். அதே நாளில் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவி தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அவள் இப்போது தன் பங்குக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறாளாம். பிறர் உடைமையை விரும்பாதே என்ற கட்டளையை அடுத்த வாரம் சொல்லித் தர வேண்டும். "பேராசை கூடாது என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் சார், நம் ஊர் சரித்திரத்தில் ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தாள்.

இரண்டு கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இறையியல் படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார். வேதாகமத்தை ஒரு பழைய நூலை வாசிக்கிற மாதிரிதான் வாசித்திருக்கிறேன். பங்குச் சாமியார்கள் யாராவது இதைப் படித்தால் திருத்தலாம்.

பத்துக் கட்டளைகளைப் பாருங்கள். கொலை செய்யாதே, களவு செய்யாதே, பொய்ச் சாட்சி சொல்லாதே. இவையெல்லாம் கைக்கும் வாய்க்கும் போட்ட கட்டளைகள். செய்தால் ஊருக்குத் தெரியும், நீதிபதி விசாரிக்கலாம். கடைசியில் வருவது அப்படி இல்லை. அடுத்தவன் வீடு, மனைவி, வேலையாட்கள், மாடு, கழுதை, அவனுக்குரிய எதன் மேலும் ஆசை வைக்காதே என்கிறது. கத்தோலிக்கர் இதை ஒன்பது, பத்து என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சி.எஸ்.ஐ. சபையார் ஒரே கட்டளையாகப் பத்தாவதில் வைப்பார்கள். எப்படி எண்ணினாலும் இது மனசுக்குப் போட்ட கட்டளை. எந்த நீதிமன்றமும் இதை விசாரிக்க முடியாது. மூல எபிரேயத்தில் உள்ள சொல் 'ஹாமத்'. அழகாக இருக்கிறதே என்று பார்த்து மகிழ்வதை மட்டும் அது குறிக்கவில்லை, எடுத்துக்கொள்ள வழி தேடும் ஆசையையும் சேர்த்துச் சொல்கிறது என்று உரைகாரர்கள் பலர் கருதுகிறார்கள். யோசுவா நூலில் ஆக்கான் என்பவன் கொள்ளைப் பொருளில் ஒரு மேலாடையையும் வெள்ளியையும் தங்கத்தையும் பார்த்தேன், ஆசைப்பட்டேன், எடுத்தேன், கூடாரத்துக்குள் புதைத்தேன் என்று தானே ஒப்புக்கொள்கிறான். வரிசையைக் கவனியுங்கள்.

ஆனால் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஆக்கானைவிடப் பொருத்தமான கதை, அரசர்கள் முதல் நூல் 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகாபு அரசனின் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்து என்ற குடியானவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அரசனுக்கு அங்கே காய்கறித் தோட்டம் போட ஆசை. அவன் எடுத்த எடுப்பில் பிடுங்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்கிறான். நியாயமான பேரம்தானே? நாபோத்து மறுக்கிறான். அது பாட்டன் பூட்டன் சொத்து, அந்தக் காலத்து இஸ்ரயேலர் சட்டப்படி பூர்வீக நிலத்தை நிரந்தரமாக விற்றுவிடுவது சரியல்ல. அரசன் வீட்டுக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, சாப்பிட மாட்டேன் என்கிறான். ஒரு நாட்டின் அரசன்! பொம்மை வாங்கித் தராவிட்டால் நம் பேரப்பிள்ளைகள் படுப்பது போல.

இதற்குப் பிறகு அரசி ஈசபேல் செய்வதுதான் முக்கியம். அவள் அடியாள் அனுப்பவில்லை. அரசன் பெயரில் கடிதம் எழுதி, அரச முத்திரை வைத்து, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள். ஊரில் நோன்பு அறிவிக்கச் சொல்கிறாள். நாபோத்தைச் சபையின் முன் உட்கார வைத்து, இரண்டு பேரைச் சாட்சி சொல்ல வைக்கிறாள். ஏன் இரண்டு? இரண்டு சாட்சி இல்லாமல் மரண தண்டனை கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். சட்டம் தெரிந்தவள் அவள். குற்றச்சாட்டு என்ன? நாபோத்து கடவுளையும் அரசனையும் பழித்தான். கல்லெறிந்து கொல்கிறார்கள். எல்லாமே முறைப்படி. அரசன் எழுந்து தோட்டத்தைச் சுவாதீனம் எடுக்கப் போகிறான். அங்கே எலியா தீர்க்கதரிசி நிற்கிறார். கொலையும் செய்துவிட்டுச் சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்ற கேள்வியோடு.

மனசுக்குள் இருந்த ஒரு ஆசைக்கு முத்திரை, நோன்பு, சாட்சி, தீர்ப்பு என்று எத்தனை உடுப்பு மாட்டியிருக்கிறார்கள் பாருங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள்.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். இடையில் ஆறு ஆண்டு டச்சுக்காரர் கையில் இருந்து 1699-இல் திரும்பக் கிடைத்தது. பாடப் புத்தகத்தில் துய்ப்ளே, கிளைவ் என்று கர்நாடகப் போர்களை நடத்தினோமே, அதற்கு 30 ஆண்டு முந்தைய சமாச்சாரம் இது. புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாததால் நானும் வகுப்பில் சொன்னதில்லை. அப்போது பிரெஞ்சுக் கும்பினியார் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுக்கவும், துணி வாங்கவும், வியாபாரிகளைப் பிடித்துவரவும் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் இல்லாமல் அவர்களுக்கு ஒரு நாள் ஓடாது. அவர்தான் தலைமைத் தரகர். துபாஷி வேலையும் அவரைச் சேர்ந்தது, ஊரிலுள்ள தமிழர்களுக்குத் தலைவரும் அவரே. (தமிழர்களை அவர்கள் 'மலபார்' என்று எழுதினார்கள். நிலவியல் அவர்களுக்குக் கொஞ்சம் தகராறு.)

1708-இல் இந்தப் பதவிக்கு வந்தவர் நைனியப்பப் பிள்ளை. சென்னைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வணிகத்தில் தழைத்த குடும்பம். அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை. அந்தத் திருவேங்கடம் பிள்ளையின் மகன்தான் பின்னாளில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. உறவு கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

நைனியப்பரை நியமித்த கவர்னர் பெயர் எபேர். பெயரை மறந்துவிடாதீர்கள், இவரே திரும்ப வருவார். நைனியப்பர் இந்து. அவருக்கு முன் இருந்தவர் கிறிஸ்தவர். ஊரிலிருந்த இயேசு சபைக் குருக்களுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. தலைமைத் தரகர் கிறிஸ்தவராக இருந்தால் ஊரே மாறும் என்பது அவர்கள் கணக்கு. அவர் மதம் மாற வேண்டும், இல்லையென்றால் பதவி வேறொருவருக்குப் போக வேண்டும் என்று பிரான்ஸ் வரைக்கும் போய் வற்புறுத்தினார்கள். அங்கிருந்து உத்தரவும் வந்தது. ஆனால் வியாபாரம் படுத்துவிடுமே என்று இங்கிருந்த கும்பினி அதிகாரிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நைனியப்பர் மாறவில்லை. பதவியும் போகவில்லை.

1713-இல் எபேர் பதவி இழந்து பிரான்ஸ் போனார். இரண்டு ஆண்டு கழித்து 1715-இல் மறுபடியும் அதிகாரத்தோடு வந்து இறங்கினார். இந்த முறை இயேசு சபையாரோடு கைகோத்துக்கொண்டு வந்தார். நைனியப்பர் தரப்பு பின்னால் கொடுத்த மனுக்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. கவர்னரின் கண் பிள்ளையவர்களின் பணத்தின் மேல் இருந்தது என்று அவை நேராகவே குற்றம் சாட்டுகின்றன.

1716 பிப்ரவரி 13. நைனியப்பப் பிள்ளையைக் கைது செய்து கோட்டையில் அடைத்தார்கள். திருவேங்கடம் பிள்ளையும் கைதானார். குற்றச்சாட்டு என்ன? மக்களைக் கொடுமை செய்தார், கலகம் மூட்டினார். 1715 தொடக்கத்தில் இந்துக்களின் வழிபாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தபோது குடிகள் ஊரைவிட்டே கிளம்பத் துணிந்தார்கள் அல்லவா, அதைத் தூண்டியவர் இவர்தான் என்றார்கள். கடவுளையும் அரசனையும் பழித்தான் என்ற பழைய வாசகம் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கு முதல்முறை படித்தபோதே வந்தது.

விசாரணை நடந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், என்னை உறுத்துவது அதுதான். சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அதைப் போர்ச்சுகீசியத்தில் பெயர்த்துச் சொன்னார் மனுவேல் என்ற இளைஞர். பிறகு அது பிரெஞ்சில் எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வியாபார மொழி போர்ச்சுகீசியம்தான், ஆகவே அதில் வியப்பில்லை. ஆனால் மனுவேல் யார்? இயேசு சபையாரின் தலைமை உபதேசியாருடைய மகன். குற்றம் சாட்டுகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். பிரெஞ்சில் எழுதிய தாளில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து மறு விசாரணை வந்தபோது, அதில் என்ன எழுதியிருந்தது என்றே எங்களுக்குத் தெரியாது என்று சாட்சிகள் சொன்னார்கள்.

ஜூன் மாதம் தீர்ப்பு. கடைவீதியில் எல்லோர் முன்னிலையிலும் 50 கசையடி. மூன்று ஆண்டு சிறை. அதன் பிறகு ஊரைவிட்டே வெளியேற்றம், மகன்களுக்கும் அதே கதி. கும்பினிக்கு 8,888 வராகன் அபராதம். வீடு, நிலம், நகை, சரக்கு, குதிரை, யானை வரைக்கும் பறிமுதல். கலகக் குற்றத்துக்குத் தண்டனை என்றால் கசையும் சிறையும் புரிகிறது. நகைப்பெட்டி எதற்கு என்று நாம் கேட்கலாம். அந்தக் காலச் சட்டத்தில் பறிமுதல் சகஜம் என்று பதில் வரும். ஆகாபின் காலத்திலும் அது சகஜமாகத்தான் இருந்திருக்கும்.

பதவி, கிறிஸ்தவரான பேத்ரோ கனகராய முதலியாருக்குப் போயிற்று. ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா கோயிலைப் பின்னாளில் (1745) கட்டியவர் இவர்தான். அவரைக் குற்றவாளி ஆக்கி நான் இதை எழுதவில்லை. அவருடைய முன்னோர்கள் வகித்த பதவி அது, அவருக்கும் அதில் உரிமை எண்ணம் இருந்திருக்கும். பதவிகளும் பூர்வீகச் சொத்து மாதிரிதான் அந்தக் காலத்தில்.

நைனியப்பர் மூன்று ஆண்டை முடிக்கவில்லை. 1717 ஆகஸ்டில் சிறையிலேயே இறந்துபோனார். அப்போது ஆனந்தரங்கருக்கு எட்டு வயது. அவருடைய நாட்குறிப்பைப் படிக்கிறவர்கள், கவர்னர், கவர்னர் மனைவி, பாதிரிமார் என்று யாரைப் பற்றி எழுதினாலும் ஓர் எச்சரிக்கை இருப்பதைப் பார்க்கலாம். சின்ன வயதில் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் படித்தவர்களுக்கு அந்த உலகம் பழக்கமாக இருக்கும். படிக்காதவர்கள் ரோமன் ரோலந்து நூலகத்துக்குப் போங்கள்.

இனி எலியாவின் பகுதி. இங்கே ஒரு எலியா வரவில்லை, பல பேர் சேர்ந்து வந்தார்கள். குடும்பத்தார் பாரீசுக்கு மனுமேல் மனுப் போட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று, சேன் மாலோ துறைமுகத்து வணிகர்கள். கும்பினியின் உரிமையை வாங்கி இங்கே வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். நல்ல தரகர் இல்லாமல் அவர்கள் கப்பல் நிரம்பாது, ஆகவே முழுக்க தர்மத்துக்காக வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தரப்பு, நம் ஊரில் இருந்த பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள். நம் ஊர்க்காரர்கள் 'மிஷன்' என்று சொல்வது அவர்களைத்தான். இயேசு சபையாருக்கும் அவர்களுக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாது, அதுவும் ஒரு காரணம். இருந்தாலும், கிறிஸ்தவக் குருக்கள், சிறையில் செத்துப்போன ஒரு இந்துவுக்காக, கிறிஸ்தவ கவர்னருக்கு எதிராக எழுதினார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையை மதச் சண்டையாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்ப இன்றைக்கு ஆள் இருக்கிறது. தயவு செய்து என் பதிவை அதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பறித்தவர்களும் அநியாயம் என்று சொன்னவர்களும் ஒரே வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்.

1718-இல் எபேரின் பதவி பறிபோயிற்று. லா பிரெவொஸ்தியேர் கவர்னராக வந்தார். சாட்சிகளைத் திரும்ப விசாரித்தார்கள். 1720-இல் பிரான்சில் அரச சபை நைனியப்பர் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

மூத்த மகன் குருவப்பர் கப்பலேறிப் பாரீசுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அரசப் பிரதிநிதியாக நாட்டை ஆண்ட ஓர்லேயான் கோமகன்தான் ஞானத் தகப்பன். புனித மிக்கேல் அமைப்பின் செவாலியே பட்டமும் கொடுத்தார்கள். செவாலியே என்றால் நமக்குச் சிவாஜி நினைவு வரும். அதற்கு ஏறத்தாழ 270 ஆண்டுக்கு முன்னாலேயே நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் செவாலியே! 1722-இல் திரும்பி வந்து அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். 1724-இல் இறந்துவிட்டார். அப்பா மறுத்ததை மகன் ஏற்றுக்கொண்டது நம்பிக்கையினாலா, பதவிக்காகவா என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மனசுக்குள் நடப்பதை யாரும் திறந்து பார்க்க முடியாது. அந்தக் கடைசிக் கட்டளை இருக்கிற இடமும் அதுதானே.

மறைக்கல்வி எடுக்கும் என் மாணவிக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். கொலோசையருக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுலடியார் பேராசையைச் சிலை வழிபாட்டுக்குச் சமம் என்கிறார். இந்த ஊரில் 1716-ஆம் ஆண்டை வைத்துக்கொண்டு இந்த இடத்தைப் படித்துப் பார். தெருவில் நடந்த பூசைகளையும் ஊர்வலங்களையும் சிலை வணக்கம் என்று எதிர்த்தவர்கள், கவர்னரின் பணப்பெட்டிக்கு நடந்த பூசையைக் கண்டுகொள்ளவில்லை. அதே காலத்தில் இதே இயேசு சபையைச் சேர்ந்த பெஸ்கி பாதிரியார், நம் வீரமாமுனிவர், தமிழ்நாட்டின் உட்பகுதியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல். பின்னால் அவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். அறத்துப்பாலில் 18-ஆம் அதிகாரம் வெஃகாமை. பிறர் பொருளைக் கவர நினையாமை என்று பொருள். அதற்கு முந்தியது அழுக்காறாமை. வள்ளுவரும் பொறாமையை ஓர் அறையிலும் இச்சையை அடுத்த அறையிலும் வைத்திருக்கிறார்.

இரண்டாவது, லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரம். கூட்டத்தில் ஒருவன், என் அண்ணன் சொத்தில் பங்கு தரச் சொல்லுங்கள் என்று இயேசுவிடம் கேட்கிறான். உங்களுக்குப் பாகம் பிரிக்க என்னை யார் நடுவராக வைத்தது என்று கேட்டுவிட்டு, எவ்வகைப் பேராசைக்கும் இடம் கொடாதீர்கள் என்கிறார். பிறகுதான் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டு அன்றிரவே செத்துப்போகும் பணக்காரன் கதை. அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு பாகப்பிரிவினைத் தகராறில் ஆரம்பித்தது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

நம் ஊரில் அதை விட்டுவிடக் கூடாது. பாதி உறவு பிரான்சில் இருக்கிற ஊர் இது. பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை! வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பழைய வீட்டின் இன்றைய விலை, அதைக் கட்டியவர்கள் கனவிலும் நினைக்காத விலை. உரிமையாளர் பாரீசில் இருக்க, போலி அதிகாரப் பத்திரம் தயாரித்து வீட்டை விற்ற வழக்குகளை நாம் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவற்றிலும் முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். என் மாணவர்களில் பத்திரம் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், வீட்டுத் தரகு செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். 'சார், சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதானே' என்ற பேச்சை என்னைவிட நீங்கள்தான் அதிகம் கேட்டிருப்பீர்கள்.

நானும் கேட்டேன், சென்ற மாதம். உறவில் ஒருவர் வீட்டில் பூர்வீகச் சொத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதுகிறார்கள். வாத்தியார் கையெழுத்து என்றால் ஒரு மதிப்பு, வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போங்கள் என்றார். பிரான்சில் இருக்கும் பெண்ணுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். "அவளுக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாது மாமா" என்றார். இருக்கலாம். அவர் சொல்வது முழு உண்மையாகவும் இருக்கலாம். பத்திரத்தைப் படித்துவிட்டுப் போடுகிறேன், அந்தப் பெண்ணிடம் நானும் ஒரு முறை போனில் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார்.

அவரும் இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும். பத்திரத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் வரவில்லை.